தப்பு பிளாஸ்டிக்கில், மாத்திரை நமக்கு

ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். வயது 24. சின்ன வயசில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மிட்ரல் வால்வு கெட்டுப்போய், 17 வயதில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். இப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். அவர் எழுதியதில் கொஞ்சத்தை மட்டும் அப்படியே தருகிறேன்.

"ஒவ்வொரு தடவை எக்கோ எடுக்கறப்பவும் வால்வு சூப்பரா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க சார். சூப்பரா வேலை செய்யற வால்வுக்கு எதுக்கு சார் தினமும் மாத்திரை? நிறுத்தினா வால்வு அடைச்சுக்கும்கறாங்க. கொஞ்சம் கூடினா மூளையில ரத்தம் கசியும்கறாங்க. குழந்தை பத்திக் கேட்டா, யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னு வீட்டுக்காரரைப் பார்த்து சொல்றாங்க. கீரை வேண்டாங்கறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

இவ்வளவு நேரான கேள்வியை நான் எந்த செமினாரிலும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மேடையில் இருப்பவர்கள் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா. தப்பு செய்தது அந்த வால்வின் மேற்பரப்பு. கதவு என்ற அளவில் அது பிரமாதமாகத் திறந்து மூடுகிறது. ஆனால் அந்தக் கதவின் மேல்தோலை உங்கள் ரத்தம் நம்பவில்லை. தோலைச் சரி செய்ய வேண்டியவர்கள் அதை முடிக்கவில்லை. அதற்குப் பதிலாக உங்கள் ரத்தத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு நோய், பத்தியம் உங்களுக்கு. இதைத்தான் இந்த வாரம் சண்டை போட்டுப் பேசப்போகிறேன். மற்றவர்களும் படியுங்கள். நம்மில் யாருக்கு எப்போது ஸ்டென்ட்டோ, டயாலிசிஸோ, எக்மோவோ வாய்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

எக்மோ என்ற வார்த்தையைத் தமிழ்நாடு 2016 டிசம்பரில் கற்றுக்கொண்டது. 2020-ல் பாடகர் எஸ்.பி.பி. ஆஸ்பத்திரியில் இருந்தபோது மறுபடி அதை உச்சரித்தோம். டீக்கடை பெஞ்சில்கூட எக்மோ பேசினோம். ஆனால் அது என்ன? உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் குழாய்களில் ஓடவிட்டு, முடி மாதிரி மெலிந்த பிளாஸ்டிக் இழைகளின் ஓரமாக நடத்தி, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புவது. பம்ப் பிரச்னை இல்லை. ஆக்ஸிஜன் பிரச்னை இல்லை. பிளாஸ்டிக்கைத் தொட்டதுமே ரத்தம் உறையப் பார்க்கிறது, அதுதான் பிரச்னை. அதனால் ஹெப்பாரின் என்ற மருந்தைத் தொடர்ந்து சொட்டச் சொட்டக் கொடுக்கிறார்கள். கம்மியானால் குழாயில் உறையும், அதிகமானால் நோயாளிக்கு எங்கேயாவது கசியும். எக்மோவில் நிகழும் பெரிய சிக்கல்களில் இந்த இரண்டும் முன்வரிசையில் இருப்பவை. இரண்டுக்கும் வேர் ஒன்றே, மேற்பரப்பு.

ரத்தம் பிளாஸ்டிக்கைப் பார்த்தவுடன் என்ன நடக்கிறது? நம் ரத்தக் குழாய்களின் உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. இது சும்மா வழவழப்பான பெயின்ட் அல்ல. நைட்ரிக் ஆக்ஸைடு விடுகிறது, தட்டணுக்களை 'போ போ, இங்கே ஒன்றும் இல்லை' என்று கிளப்பி அனுப்புகிறது, ஹெப்பாரினின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவனைத் தன் மேல் முளைக்க வைத்திருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் வேலை பார்க்கும் பஞ்சாயத்து. பிளாஸ்டிக்கில் இது எதுவும் கிடையாது. அது அங்கே சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதே அங்கே குற்றம். சில விநாடிகளில் ரத்தத்திலுள்ள புரதங்கள் வந்து அதன்மேல் படிகின்றன. ஃபைப்ரினோஜன் என்ற புரதம் படிந்து கொஞ்சம் உருமாறினால், தட்டணுக்கள் அதைக் காயம் என்று நினைத்து ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று ஒட்டினால் ஊரையே கூப்பிடும். அப்புறம் கட்டி.

இந்தப் புரதங்களின் வரிசையைக் கண்டுபிடித்தவர் லியோ வ்ரோமன். முதலில் அல்புமின் மாதிரி சின்ன, கூட்டமான புரதங்கள் ஓடிவந்து இடம் பிடிக்கும், பிறகு பெரிய புரதங்கள் வந்து அவற்றைத் தள்ளிவிட்டு உட்காரும், பஸ்ஸில் நடப்பதுபோலவே. இதற்கு வ்ரோமன் விளைவு என்றே பெயர். மனிதர் நெதர்லாந்துக்காரர். 1940-ல் ஹிட்லர் படை வந்தபோது தப்பி, இந்தோனேஷியா போய், அங்கே ஜப்பானியர்களிடம் போர்க்கைதியாகி, கடைசியில் அமெரிக்காவில் ரத்தத்தை ஆராய்ந்தவர். டச்சு மொழியில் அவரை விஞ்ஞானியாகத் தெரிந்தவர்களைவிடக் கவிஞராகத் தெரிந்தவர்கள் அதிகம். நம் ஊரில் கவிஞர்களுக்குப் புரதம் பற்றி எழுத நேரமில்லை.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1950-களில் அமெரிக்காவில் ஒரு ரயில்வே தொழிலாளி. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் சோதித்தால், கண்ணாடிக் குழாயில் உறையவே மாட்டேன் என்கிறது. டாக்டர்கள் பயந்துவிட்டார்கள். ஆனால் அந்த மனிதருக்குக் கை வெட்டிக்கொண்டால் சாதாரணமாக நிற்கிறது. பல் பிடுங்கினாலும் நிற்கிறது. அவர் ரத்தத்தில் ஒரு புரதம் மட்டும் இல்லை. அந்தப் புரதத்துக்கு இன்று பன்னிரண்டாம் காரணி என்று பெயர். அந்நியமான மேற்பரப்பைத் தொட்டால் மணி அடிப்பதுதான் அதன் முக்கிய வேலை. புரிகிறதா? காயத்தை அடைக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு வேறு, கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் கண்டு கூச்சல் போடுகிற ஏற்பாடு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவதை மட்டும் அமைதிப்படுத்துவது. நாம் கொடுக்கிற மாத்திரையோ காயத்தை அடைக்கிற ஏற்பாட்டையும் சேர்த்து முடக்குகிறது. கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம். (அந்தத் தொழிலாளி 1968-ல் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்துதான் இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு யாருடைய வாதத்துக்கும் முழுசாக ஒத்துழைக்காது.)

இப்போது அந்த மாத்திரையின் பூர்வோத்தரம். அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலம், 1933, பனிப்புயல். கெட்டுப்போன தீவனம் தின்று மாடுகள் ரத்தம் கசிந்து சாகின்றன. ஒரு விவசாயி செத்த கன்றுக்குட்டியையும், ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். கார்ல் பால் லிங்க் என்ற பேராசிரியர் அந்தத் தீவனத்தில் இருந்த சரக்கைப் பல வருஷம் உழைத்துப் பிரித்தெடுத்தார். அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று 1948-ல் எலி பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. வார்ஃபரின். எலிக்குக் கொடுத்தது 1950-களில் மனிதனுக்கும் வந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த ஐஸன்ஹோவருக்கே கொடுத்தார்கள். நம் வாசகி சாப்பிடுவது இதன் பங்காளி. கல்லீரல் உறைபொருட்களைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வேலையை மாத்திரை மறிக்கிறது. கீரையில் வைட்டமின் கே அதிகம். கீரைமேல் ஆஸ்பத்திரிக்கு ஏன் கோபம் என்பதற்கு இதுதான் காரணம்.

அதே விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில், 1960-களின் தொடக்கத்தில், வின்சென்ட் காட் என்ற இதய அறுவை மருத்துவர் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். ரத்தத்தைத் தொடாதே, பிளாஸ்டிக்கைத் திருத்து என்பது அவர் வழி. பிளாஸ்டிக் வளையத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பதற்காக கிராஃபைட் பூசினார். கிருமிநாசினியில் கழுவி, ஹெப்பாரினில் முக்கி, நாயின் பெரிய சிரையில் வைத்தார். சாதாரண பிளாஸ்டிக் வளையம் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும் இடம் அது. இது அடைத்துக்கொள்ளவில்லை. மின்சாரத்தால் அல்ல. கிருமிநாசினி ஒரு பசையாக வேலை செய்து, ஹெப்பாரினை கிராஃபைட்டின் மேல் ஒட்டவைத்திருந்தது. 1963-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தப் பூச்சோடு பிளாஸ்டிக் வால்வு செய்து மனிதர்களுக்கும் வைத்தார்கள்.

ஆக, ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பாதைகள். ஒன்று ஆளை மாற்றுகிறது, ஒன்று பொருளை மாற்றுகிறது. எது ஜெயித்தது என்பதை நம் வாசகியின் மாத்திரை டப்பா சொல்கிறது.

காட்டின் பூச்சு ஏன் தோற்றது? பசை கெட்டியாக இல்லை. ஹெப்பாரின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தோடு போய்விட்டது. சரி, அதனால் விட்டுவிட்டார்களா என்றால் இல்லை. காட்டின் கட்டுரையைப் பார்த்து, அணு உலை எரிபொருள் துகள்களுக்குக் கார்பன் பூசிக்கொண்டிருந்த ஜாக் போக்ரோஸ் என்ற பொறியாளர், என்னிடம் ஒரு கார்பன் இருக்கிறது என்று வந்தார். அதுதான் இன்று உலகத்தின் பெரும்பாலான இயந்திர வால்வுகளில் இருக்கும் பைரோலிட்டிக் கார்பன். தேயாது, உடையாது, ரத்தம் முன்னைவிடக் குறைவாகவே முறைக்கிறது. ஆனால் முறைக்கிறது. அதனால் மாத்திரை தொடர்கிறது.

1983-ல் ஸ்வீடன்காரர்கள் ஹெப்பாரின் மூலக்கூற்றை அதன் வால் பக்கம் மட்டும் பிளாஸ்டிக்கில் கட்டினார்கள். கயிற்றில் கட்டிய மாடு மாதிரி, கட்டுத்தறியைவிட்டுப் போகாது, ஆனால் தலை சுதந்திரமாக மேயும். பிரமாதமான யோசனை. இதய அறுவைசிகிச்சை நேரத்துக் குழாய்களிலும் செயற்கை ரத்தக் குழாய்களிலும் இன்றைக்கும் அது இருக்கிறது. லண்டனில் டென்னிஸ் சாப்மன் வேறொன்று கேட்டார். சிவப்பணு ஏன் எதன்மேலும் ஒட்டாமல் ஓடுகிறது? அதன் வெளித்தோலில் இருக்கும் பாஸ்ஃபரில்கோலின் என்ற வேதிக்குழுதான் காரணம் என்று பார்த்து, அதைப் பிளாஸ்டிக்குக்குச் சட்டையாகப் போட்டுவிட்டார். டோக்கியோவில் இஷிஹாரா அதையே ஒரு பாலிமராக்கினார். அந்தத் தோல் இன்றைக்குக் கான்டாக்ட் லென்ஸிலும் இருக்கிறது, செயற்கை இதய பம்ப்பிலும் இருக்கிறது. பாலிஎதிலின் கிளைக்கால் என்ற நீர்விரும்பிச் சங்கிலியைப் புல் மாதிரி நட்டவர்கள் இருக்கிறார்கள். அதன்மேல் தண்ணீர் தேங்கிப் புரதம் கால் வைத்தால் வழுக்கும், மழைக்காலத்துக் கிணற்றடி மாதிரி. 2014-ல் ஹார்வர்டில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பார்த்து, பிளாஸ்டிக்கின்மேல் எண்ணெய்ப் படலம் போன்ற ஒன்றை நிறுத்தி, பன்றியின் உடம்புக்கு வெளியே குழாயில் எட்டு மணி நேரம், ஹெப்பாரின் இல்லாமல், ரத்தத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை, பார்த்தீர்களா? அப்படியென்றால் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது? என் குற்றச்சாட்டு இங்கேதான் ஆரம்பம்.

உலகத்தில் 'ரத்தத்தோடு ஒத்துப்போகும் புதிய மேற்பரப்பு' என்ற தலைப்பில் வராத கட்டுரை இல்லை. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களும் சளைத்தவை அல்ல. பிளாஸ்மா அடித்து, அமிலத்தில் ஊறவைத்து, ஹெப்பாரினோ கைட்டோஸானோ ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் நாலு படம் எடுத்து, 'ரத்த ஒத்திசைவு வெகுவாக மேம்பட்டது' என்று முடித்துவிடுகிறார்கள். பிஎச்.டி. கிடைக்கிறது. சந்தோஷம். அந்த மேம்பாட்டை எப்படிச் சோதித்தார்கள் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பல கட்டுரைகளில், ரத்தத்தை எடுத்தவுடன் உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த ரத்தத்தில் பிளாஸ்டிக் துண்டைப் போட்டு, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். கையைக் கட்டிப்போட்டுவிட்டு, இவன் அடிக்கமாட்டான், ரொம்ப சாது என்று சர்ட்டிஃபிகேட் கொடுப்பது மாதிரி! சிலர் கால்சியம் சேர்த்து மறுபடி உறையவிட்டுப் பார்க்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ரத்தம் ஓடுகிறதா என்றால் அதுவும் இல்லை, கிண்ணத்தில் தேங்கி நிற்கிறது. எவ்வளவு நேரம்? ஒரு மணி, இரண்டு மணி. வால்வு உள்ளே இருக்கப்போவது முப்பது வருஷம்.

இன்னும் சில கட்டுரைகளில் சிவப்பணு உடைகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஐந்து சதவிகிதத்துக்குக் கீழே என்றால் 'ரத்தத்தோடு ஒத்துப்போகிறது' என்று தலைப்பு. சிவப்பணு உடைவது வேறு, ரத்தம் உறைவது வேறு. பஸ் டயர் வெடிக்கவில்லை என்பதால் பிரேக் நன்றாயிருக்கிறது என்று எழுதலாமா?

இதை நான் ஒருவன் வெளியிலிருந்து கத்துவதாக நினைக்க வேண்டாம். சியாட்டிலில் இருக்கும் பட்டி ராட்னர் இந்தத் துறையின் பெரிய தலைகளில் ஒருவர். 1993-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'பேரழிவு' என்ற வார்த்தை இருக்கிறது. இத்தனை வருஷ உழைப்புக்குப் பிறகும் எது ரத்தத்தோடு ஒத்துப்போகும் பொருள் என்பதில்கூட நமக்குள் ஒற்றுமை இல்லை என்பது அவர் ஆதங்கம். பதினாலு வருஷம் கழித்து 2007-ல் அதே பேரழிவை மறுபடி எட்டிப் பார்த்து இன்னொரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. உள்ளே இருப்பவரே இப்படி எழுதினால் வெளியே இருக்கிற நாம் கைதட்டிக்கொண்டிருப்பது நியாயமா?

"மாத்திரைதான் இருக்கிறதே, மலிவாக வேறு இருக்கிறது, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மாத்திரை சாப்பிடாதவர்கள்.

மாத்திரை மலிவுதான். மாத்திரையோடு வாழ்வது மலிவல்ல. ரத்தத்தின் உறையும் வேகத்துக்கு ஐ.என்.ஆர். என்று ஒரு எண். உங்களுக்கும் எனக்கும் அது 1. மிட்ரல் வால்வு வைத்தவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். கீழே போனால் கட்டி, மேலே போனால் கசிவு. ஜுரத்துக்கு வேறு மாத்திரை போட்டால் மாறும், நாட்டு மருந்து குடித்தால் மாறும், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் மாறும். அதனால் திரும்பத் திரும்ப டெஸ்ட். அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் இலவசமாகவே இருக்கட்டும், அன்றைக்குப் போகிற கூலி இலவசமா? பஸ் இலவசம் என்றாலும் பகல் இலவசமில்லை. ருமாட்டிக் வால்வு நோய் யாருக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில், தொண்டை வலிக்கு டாக்டரைப் பார்க்க வழியில்லாத குழந்தைக்கு. பணக்கார நாடுகள் இதை ஏறக்குறைய மறந்தேபோய்விட்டன. அதனால் அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு 24 வயது மிட்ரல் நோயாளிக்காக மேற்பரப்பைத் திருத்தும் அவசரம் இல்லை. அவர்களுடைய நோயாளிக்கு எழுபது வயது. மாட்டின் இதய உறையில் செய்த திசு வால்வு அவருக்குப் போதும், நீண்ட நாள் மாத்திரையும் வேண்டாம். இளவயதுக்காரருக்கு அந்தத் திசு சீக்கிரம் கெட்டுவிடும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும்.

இதில் பெண்ணாகப் பிறந்தால் கூடுதல் தண்டனை. வார்ஃபரின் வகை மாத்திரைகள் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும். கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குழந்தையின் உருவாக்கத்தையே பாதிக்கலாம். ஹெப்பாரின் ஊசி குழந்தைக்குப் போகாது, ஆனால் வால்வைக் காப்பதில் மாத்திரை அளவுக்கு நம்பகம் இல்லை. குழந்தையா வால்வா என்று ஒரு பெண்ணை வாரக்கணக்கில் தராசில் நிற்கவைப்பது ஒரு மேற்பரப்பு. சில நானோமீட்டர் தடிமன் விவகாரம்.

புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே, அடிக்கடி டெஸ்ட் வேண்டாமாமே என்பார்கள். வந்திருக்கின்றன. வேறு பல நோய்களுக்கு நன்றாகவும் வேலை செய்கின்றன. அதில் டாபிகாட்ரன் என்ற ஒன்றை இயந்திர வால்வு வைத்தவர்களிடம் சோதித்தார்கள். கட்டியும் அதிகம், கசிவும் அதிகம் என்று சோதனையைப் பாதியில் நிறுத்தி 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். வால்வின் மேற்பரப்பு பக்கத்திலேயே உறைபொருளை விடாமல் உற்பத்தி செய்வதால் மாத்திரை அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. நாம் கேட்க மறுத்ததை மேற்பரப்பே ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேற்பரப்பு மட்டுமே வில்லன் இல்லை என்று நிபுணர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் சொல்வது வாஸ்தவம். வால்வின் மூட்டில் ரத்தம் சுழன்று தேங்கினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. ரத்தமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த நியாயத்தை அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டே சிட்ரேட் ரத்தத்தில் துண்டு நனைப்பதை எப்படி ஒத்துக்கொள்வது?

நம்மால் முடியாது என்பதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுகிற பதில். பக்கத்திலேயே முடித்துக் காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையம். திருவிதாங்கூர் ராஜகுடும்பம் கொடுத்த சாட்டல்மாண்ட் அரண்மனையில் பொறியாளர்களையும் வேதியியல்காரர்களையும் மிருக வைத்தியர்களையும் உட்காரவைத்து, எம்.எஸ். வலியத்தான் ஒரு வால்வு செய்யக் கிளம்பினார். அமெரிக்காவில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் அந்த வின்சென்ட் காட்டும் ஒருவர். முதல் மாடல் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவதும். நாலாவதில் கோபால்ட் கலவை உலோகக் கூட்டுக்குள், பாலித்தீனின் பெரியண்ணனான ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்கில் வட்டத் தட்டு. ஆமாம், மளிகைக்கடைப் பை எந்த வம்சமோ அதே வம்சம். 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரித்து, லட்சத்துக்கு மேற்பட்ட இதயங்களில் தட்டிக்கொண்டிருக்கிறது. அதே நிலையத்தில்தான் நம் நாட்டு ரத்தப் பையும் பிறந்தது. அதற்கு முன் நாம் ரத்தத்தைக் கண்ணாடி பாட்டிலில் சேமித்துக்கொண்டிருந்தோம்.

கவனியுங்கள், அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பெரும்பகுதி கட்டுரைக்கு லாயக்கற்ற வேலை. தட்டைக் கோடிக்கணக்கான தடவை திறந்து மூடித் தேய்மானம் அளப்பது, ஆட்டுக்கு ஆபரேஷன் செய்து மாசக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருப்பது, தோற்றதும் முதலிலிருந்து ஆரம்பிப்பது. எந்த ஜர்னலும் இதற்கு மாலை போடாது. இன்றைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் மூன்று மாடல் தோற்றுவிட்டது, இன்னும் நாலு வருஷம் பணம் கொடுங்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை பேப்பர் போட்டீர்கள் என்று கேட்பார்கள். நம் ஆளும் புத்திசாலி. துண்டை நனைக்கப் போய்விடுவார்.

சித்திரா வால்வுக்கும் மாத்திரை வேண்டும், அதை மறைக்கவில்லை. வலியத்தான் 2024-ல் காலமாகிவிட்டார். அவர் கதவைச் செய்து கொடுத்துவிட்டுப் போனார். தோலைச் செய்யும் பாதி வேலை அப்படியே இருக்கிறது. வளைந்துகொடுக்கும் பாலிமர் இதழ்கள் வைத்த வால்வுகள் இப்போது மனிதர்களிடமே சோதனையில் இருக்கின்றன. மாத்திரையே வேண்டாத நிலையை அவை எட்டினால் மகிழ்ச்சி. அதையும் வெளியிலிருந்து டாலர் கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஓடுகிற ரத்தத்தில், மருந்து கலக்காத ரத்தத்தில், மிருகத்தில், மாசக்கணக்கில் சோதிக்காத எதற்கும் 'ரத்தத்தோடு ஒத்துப்போகும்' என்ற பட்டத்தைத் தராதீர்கள் என்று பணம் கொடுக்கிற அரசுத் துறைகள் ஒரு வரி எழுதினால் போதும். பாதிக் கட்டுரைகள் நின்றுவிடும். மிச்சமுள்ள பணத்தில் ஆடு வாங்கலாம்.

அதுவரை? தப்பு பொருளின்மேல் என்று ஒத்துக்கொண்டால், அதைக் கண்காணிக்கும் செலவும் பொருத்தியவர்கள் தலையில்தான் விழ வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி மாதிரியே, உலகத்தில் பல வருஷமாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற காப்பீடு, வால்வு வைத்த ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை ஏற்பாடு செய்யக் கூடாதா? 24 வயதுப் பெண் இன்னும் ஐம்பது வருஷம் டெஸ்ட் எடுக்க வேண்டும் அய்யா.

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு. கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள்கூட. குழந்தை வேண்டும் என்றால், நாள் தள்ளிப்போன பிறகு அல்ல, அதற்கு முன்பே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் ஒரே நாளில் பாருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பதிலை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைப் பொறுத்து, எந்த வாரத்தில் எதை மாற்றுவது என்று திட்டம் போட வழி இருக்கிறது. அப்படித் திட்டம் போட்டுப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். கீரையை முழுசாக விட வேண்டும் என்பதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திடீரென்று ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் தின்றுவிட்டு மறுநாள் டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள். எவ்வளவு என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.